மலைக் கிராமத்தில் வெளிநாட்டுத் தொண்டர்

ஒரு கிராமத்திற்கு உதவி செய்யவென்று வெளியிலிருந்து ஒருவர் வந்தால், அவரைக் குறித்து அக்கிராமத்தார் மூன்று கேள்விகளைக் கேட்பது நியாயம். அவர் எத்தனை நாள் இருப்பார்? இருக்கும் நாளில் எங்களோடு எவ்விதம் வாழ்வார்? அவர் போனபின் எங்களிடம் எது நிற்கும்? இக்கேள்விகளுக்கு விடை காண நேபாள தேசத்து மலைக் கிராமங்களின் அநுபவம் மிகவும் பயன்படும். ஏனெனில் அறுபது வருஷங்களுக்கு மேலாக அங்கே பற்பல தேசங்களிலிருந்து வாலிபர்களும் ஸ்திரீகளும் வந்து, கிராமவாசிகளின் வீடுகளிலேயே தங்கி வேலை செய்திருக்கிறார்கள். நம் சங்க அங்கத்தினர்கள் இதைப் படித்து, தங்கள் ஊர்க் காரியங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்வார்களாக.

இவர்கள் யார்?

நேபாளத்தில் ராணா வமிசத்தாரின் ஆட்சி 1951-ஆம் வருஷத்தில் முடிவுற்றது. அதுவரையில் அத்தேசம் பெரும்பாலும் அந்நியர்களுக்குக் கதவை அடைத்தே வைத்திருந்தது. அக்காலத்தில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. மலைப் பிரதேசங்களில் வண்டிப் பாதை கிடையாது. உப்பும் சீமை எண்ணெயும் மனிதர் முதுகிலேயே ஏறிவந்தன. பள்ளிக்கூடங்களைத் திறக்கத் தேசம் விரும்பிற்று. கற்பிக்க ஆள் இல்லை.

இந்நிலையில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி 'பீஸ் கோர்' என்னும் தொண்டர் படையை ஸ்தாபித்தார். அதன் முதற் கூட்டத்தார் 1962-ஆம் வருஷத்தில் நேபாளத்தை அடைந்தார்கள். இங்கிலாந்தில் 1958-ஆம் வருஷத்திலும், ஜப்பானில் 1965-ஆம் வருஷத்திலும் ஏற்பட்ட தொண்டர் ஸ்தாபனங்களும் பின்னர் அங்கே ஆட்களை அனுப்பின. பள்ளிகளில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் போதித்தல், விவசாயம், குடிநீர், காடு வளர்த்தல், சுகாதாரம் முதலியவை இவர்களுடைய வேலைகள்.

பீஸ் கோர் தொண்டர் முதல் மூன்று மாதம் பாஷையும் பழக்க வழக்கங்களும் கற்பார். அதன்பின் இரண்டு வருஷம் குறிப்பிட்ட ஒரு கிராமத்தில் ஊழியம் செய்வார். உத்தியோகஸ்தருக்குரிய சம்பளம் அவருக்குக் கிடையாது. கிராமத்தில் ஜீவிக்கப் போதுமான படி மட்டும் உண்டு. அவரிடம் அதிகாரமும் இல்லை, பொக்கிஷமும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

கிராமத்தின் அமைப்பு

நேபாளத்தின் நடு மலைகளில் வயல்கள் படிக்கட்டுகளைப்போல் சரிவில் வெட்டப்பட்டிருக்கும். நீர் பாயும் படிவயல் 'கேத்'. மழையை நம்பிய மேட்டுப்படி 'பாரி'. நிலத்தை 'ரோபனி' என்னும் அளவால் கணக்கிடுவார்கள். ஏறக்குறைய 8 ரோபனி ஒரு ஏக்கராகும். தானியத்தை 'மானா', 'பாத்தி', 'மூரி' என்று அளப்பார்கள். 8 மானா ஒரு பாத்தி, 20 பாத்தி ஒரு மூரி. வெளியூரிலிருந்து வரும் தொண்டர் இவ்வளவைகளைக் கற்காமல் ஒரு குடியானவனோடு விளைச்சலைப் பற்றிப் பேச முடியாது.

வீடு கல்லாலும் மண்ணாலும் கட்டப்பட்டுச் செம்மண்ணும் சாணமும் கலந்து மெழுகப்படும். அடுப்பு தரைத் தளத்தில், புகைபோக்கி இல்லாமல் எரியும். மேல் தளத்தில் தானியமும் விதையும் இருக்கும். தூரத்தை மைலால் சொல்லும் வழக்கம் குறைவு. 'இரண்டு மணி நேர நடை', 'அரை நாள் நடை' என்றே சொல்வார்கள். சுமையை 'டோக்கோ' என்னும் கூம்புக் கூடையில் இட்டு, 'நாம்லோ' என்னும் பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமப்பார்கள். வழிநெடுக ஆலும் அரசும் நட்டு, சுற்றிலும் கல் மேடை கட்டியிருக்கும். 'சௌதாரி' என்று பெயர் பெற்ற இம்மேடைகள் நம் நாட்டுச் சுமைதாங்கிக் கல்லைப் போன்றவை. புண்ணியத்தைக் கருதி அவற்றைக் கட்டுவார்கள். ஊர்ச் செய்தியெல்லாம் அங்கேதான் பரிமாறப்படும்.

ஒரு நாளின் நடைமுறை

விடியுமுன்னரே வீட்டுப் பெண்கள் எழுந்து நீர்த்தாரைக்குச் செல்வார்கள். தொண்டரும் அவ்வேளையிலேயே எழவேண்டியதாகிறது. ஏனெனில் அவர் படுத்திருக்கும் திண்ணையைக் கடந்தே மாடும் மனிதரும் போவார்கள். முதலில் தேநீர். காலை ஒன்பது பத்து மணி அளவில் பருப்பும் சோறும் காய்கறியும் அடங்கிய முதற் சாப்பாடு. பள்ளிக்கூடம் பத்து மணிக்குத் தொடங்கும். பிற்பகலில் வறுத்த சோளமோ அவலோ சிற்றுண்டி. பொழுது சாய்ந்தபின் மறுபடியும் பருப்புச் சோறு, விளக்கணைத்து உறக்கம். சனிக்கிழமையே வார ஓய்வு நாளாக வெகுகாலம் வழங்கி வந்தது. ஞாயிறு முதல் வேலை நாள்.

சோறு எல்லா வீட்டிலும் எந்நாளும் கிடைப்பதன்று. உயரமான ஊர்களில் 'டிண்டோ' என்னும் களியே முக்கிய ஆகாரம். மக்காச்சோள மாவாலும், 'கோதோ' என்னும் தானியத்தின் மாவாலும் அதைக் கிண்டுவார்கள். அந்தக் கோதோ வேறொன்றுமன்று, நம் கேழ்வரகே. கீரையைப் புளிக்கவைத்து உலர்த்திய 'குந்த்ருக்' என்பதைச் சாறாக்கித் தொட்டுக்கொள்வார்கள். விருந்தாளிக்குக் களி இடுவது மரியாதைக் குறைவு என்று எண்ணி, தொண்டருக்கு மாத்திரம் சோறு வடிக்கும் வீட்டார் உண்டு. வீட்டில் உள்ளது எதுவோ அதுவே தமக்கும் போதும் என்று அவர் பணிவுடன் சொல்லிக் களியை விரும்பி உண்ணும் நாளில்தான் விருந்தாளி நிலை நீங்கி வீட்டு மனிதராகிறார்.

அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வயதுக்கேற்ப அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என்று பொருள்படும் 'தாய்', 'தீதி', 'பாய்', 'பஹினி' என்னும் முறைகளே வழங்கும். இதில் 'தாய்' என்பது அண்ணனைக் குறிக்கும், நம்மவர் மயங்கலாகாது. வழியில் எதிர்ப்படுகிறவர், "எங்கே போகிறீர்? சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பார். தனிமையையே மரியாதை என்று பழகிய மேல்நாட்டாருக்கு இது முதலில் விசாரணைபோலத் தோன்றும். அன்பின் சாதாரண வாசகம் இது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; அவருக்கோ அது விளங்கச் சில மாதங்கள் ஆகும்.

ஆசாரமும் எச்சிலும்

வாய் பட்ட பாத்திரமும் உணவும் 'ஜூட்டோ', அதாவது எச்சில். தண்ணீரைச் செம்பு உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்க வேண்டும், இடக்கையால் கொடுக்கலாகாது, காலால் பிறரைத் தீண்டலாகாது. இவை கற்கக்கூடியவை. இவற்றினும் கடினமானது ஜாதிக் கட்டுப்பாடு. 1854-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட நேபாளச் சட்டத் தொகுப்பு ஜாதிகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தி, ஐரோப்பியரையும் அவ்வரிசையிலேயே வைத்தது. அவர்களைத் தீண்டினால் தோஷமில்லை. அவர்கள் கையால் தண்ணீர் கொள்ளலாகாது. 1963-ஆம் வருஷத்துச் சட்டம் இப்பிரிவினைகளின் சட்ட பலத்தை நீக்கிற்று. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாகத் தனிச்சட்டம் 2011-ஆம் வருஷத்தில் வந்தது. ஆயினும் சட்டம் மாறிய மறுநாளே அடுப்பங்கரை மாறுவதில்லை. மேல் ஜாதியார் வீட்டில் அந்நியத் தொண்டர் தாழ்வாரத்தில் அமர்ந்து உண்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது.

தமக்கு நேரும் இவ்விலக்கைத் தொண்டர் பொறுத்துக்கொள்ளலாம். அவர் இரண்டு வருஷத்தில் ஊர் திரும்புகிறவர். ஊரிலேயே பிறந்து, ஊர்த் தண்ணீரைத் தொட முடியாதவர்களின் நிலை வேறு. இக்கேள்வி குடிநீர் வேலையில் நேருக்கு நேராக வந்து நிற்கிறது.

தண்ணீர் கொண்டுவரும் வேலை

மலைக்கிராமத்தில் ஊற்று மேலேயும் வீடுகள் கீழேயும் இருந்தால், இயந்திரம் இல்லாமலே தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கலாம். நேபாளத்தில் ஏராளமான ஊர்களில் இவ்வேலை நடந்தது; தொண்டர் பலர் இதில் ஈடுபட்டார்கள். இதன் கணக்கு சுலபமானது. ஓர் ஊற்றில் ஒரு லிட்டர் பாத்திரம் 5 விநாடியில் நிரம்புகிறது என்று கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி; ஆகவே 17,280 லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்று வைத்தால் 384 பேருக்குப் போதும். இரவில் யாரும் பிடிக்காத 8 மணி நேரத்தில் மட்டும் 5,760 லிட்டர் வீணாகும். அதைச் சேமிக்கத் தொட்டி கட்டவேண்டும். ஊற்றைக் கோடைக் கடைசியில் அளக்கவேண்டும் என்பது முக்கியம். மழைக்காலத்து அளவை நம்பிக் குழாய் போட்டவர்கள் சித்திரை வைகாசியில் ஏமாறுவார்கள்.

தண்ணீர் 10 மீட்டர் இறங்கும்தோறும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தம் கூடும். குழாய் தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் இறக்கம் இருந்தால், நடுவே திறந்த தொட்டி ஒன்றைக் கட்டி அழுத்தத்தைத் தணித்து, அங்கிருந்து புதிதாகத் தொடங்குவார்கள். வெயிலும் மாட்டுக் குளம்பும் மண்வெட்டியும் படாதபடி குழாயை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் புதைக்கவேண்டும். இத்தனையும் தொண்டர் சொல்லிக்கொடுப்பார். குழி வெட்டுவதும், மணலும் கல்லும் சுமப்பதும், பாதாளச் சரிவில் குழாய்ச் சுருளைத் தூக்கிச் செல்வதும் ஊராருடைய உழைப்பு. தொண்டர் ஒருவர் மண்வெட்டி எடுத்தால் ஒருவருடைய வேலை நடக்கும். வீட்டுக்கொருவர் எடுத்தால் மழைக்குள் குழாய் புதைந்துவிடும்.

இனி, குழாய் எங்கே திறப்பது? சபை கூடும்போது ஊர்ப் பெரியவர் தம் வாசலைச் சொல்வார். பெண்களோ, தினந்தோறும் நீர் சுமப்பவர்களாயிருந்தும், பின்வரிசையில் பேசாமல் நிற்பார்கள். தாழ்த்தப்பட்டோர் தெருவில் குழாய் உண்டா, அல்லது அவர்கள் பிறர் ஊற்றும்வரை காத்திருக்கவேண்டுமா என்பதைச் சபையில் எழுப்பாமலே முடிக்கப் பார்ப்பார்கள். தொண்டரால் உத்தரவிட இயலாது. ஆனால் வேலை ஆரம்பிக்குமுன்னரே, உழைப்பில் பங்குள்ள வீடுகள் எவை, அவ்வீடுகளுக்குச் சமமான உரிமை உண்டா என்று எழுத்தில் கேட்கலாம். குழி வெட்ட எல்லாரும் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கச் சிலர் வரலாகாது என்று சொல்லச் சபைக்கு வாய் வருவது அரிது. குழாய் போட்ட பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

பழைய வழக்கத்திற்கும் காரணம் உண்டு

வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு முதலில் குறைகளே தென்படும். உதாரணமாக, அடுப்புப் புகையால் பெண்களுக்குக் கண்ணெரிவும், குழந்தைகளுக்கு இருமலும் உண்டாகின்றன. ஆகவே புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். சில வீடுகளில் அவ்வடுப்பு சிலகாலத்தில் கைவிடப்பட்டது. விசாரித்தால், அடுப்புக்கு மேலே தொங்கும் விதைச் சோளம் புகையால்தான் உலர்ந்து பூச்சி விழாமல் இருந்தது. கூரைப் புல்லும் புகையால்தான் அரிக்கப்படாமல் இருந்தது. குளிர்காலத்தில் வீட்டாரெல்லாம் சுற்றி உட்காரத் திறந்த அடுப்புதான் உதவிற்று. புகை கெடுதல் என்பதும் மெய். அது செய்துவந்த வேலையும் மெய். விதைக்கும் குளிருக்கும் வேறு வழி சொல்லாமல் புகையை மட்டும் அகற்ற இயலாது. நல்ல தொண்டர் முதல் ஆறு மாதம் கேட்டுத் தெரிந்துகொள்வதிலேயே கழிப்பார். ஊரார் அவரைச் சோம்பேறி என்று எண்ணினாலும் அது வீண் காலமன்று.

அவ்விதம் கேட்டவர்களுக்கு ஊரிலேயே இருந்த ஐக்கிய முறைகள் புலப்பட்டன. நடவுக்கும் அறுப்புக்கும் வீட்டுக்கு வீடு உழைப்பை மாற்றிக்கொள்ளும் வழக்கத்திற்குப் 'பர்மா' என்று பெயர்; தேசத்தின் பெயரோடு இதற்குச் சம்பந்தமில்லை. இன்று உங்கள் வயலில் நான் செய்த ஒரு நாள், நாளை என் வயலில் நீங்கள் செய்யும் ஒரு நாள், கூலி கைமாறுவதில்லை. காலி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கின் தகாலி வகுப்பாரிடையே 'டிகுர்' என்னும் சீட்டு முறை உண்டு. நம் ஊர்ச் சீட்டைப்போலவே பலர் பணம் போட்டு முறையாக ஒருவர் எடுத்து, வியாபாரத்துக்கு முதலாக்குவார்கள். இம்முறைகள் எந்த ஸர்க்காரும் எந்த அந்நியரும் கற்பித்தவை அல்ல. புதிய சங்கத்தை இத்தகைய பழைய வேரின்மேல் ஒட்டினால் எளிதில் பிடிக்கும்.

கஷ்டங்கள்

தொண்டரின் வாழ்க்கையைப் புகழ்ந்தே எழுதுவது சரியன்று. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். மலைச்சரிவு விழுந்து பாதை அறுபடும். கொதிக்கவைக்காத தண்ணீரால் வயிற்றுக்கடுப்பு அடிக்கடி வரும். வைத்தியசாலை ஒன்றிரண்டு நாள் நடையில் இருக்கும். முற்காலத்தில் வீட்டுக் கடிதம் வர வாரங்கள் ஆகும். எப்போதும் ஜனங்களிடையே இருந்தும் தன் பாஷையில் பேச ஆளில்லாத ஏக்கம் ஒருபுறம். இரண்டு வருஷத்தில் நான் என்ன செய்துவிட்டேன் என்னும் சந்தேகம் மற்றொருபுறம்.

தேசத்தின் நிலைமையும் அவரைப் பாதிக்கும். 1996-ஆம் வருஷத்தில் தொடங்கிய உள்நாட்டுக் கலகத்தின் காரணமாக, பீஸ் கோர் 2004-ஆம் வருஷத்தில் நேபாளத்தை விட்டு விலகிற்று. 2012-ஆம் வருஷத்தில் மறுபடி வந்தது. 2020-ஆம் வருஷம் கொரோனா கொள்ளைநோய் பரவியபோது உலகமெங்கும் இருந்த அதன் தொண்டர்கள் ஒருசேரத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பாதி எழும்பிய சுவர்களும், பாதி முடிந்த பாடங்களும் அப்படியே நின்றன. வெளியார் உதவி எவ்வளவு அன்போடு வந்தாலும், அதன் கயிற்றின் மறுமுனை வேறிடத்தில் இருக்கிறது என்பதை ஊரார் மறக்கலாகாது.

அவர் போனபின் நிற்பது எது?

தொண்டர் ஊர்விட்டுப் போகும் நாளில் மாலையிட்டு வழியனுப்புவார்கள். ஒரு வருஷத்திற்குப் பின் குழாய்த் திருகு உடையும். அத்திருகு உடைவதுதான் மெய்யான பரீட்சை. மாதச் சந்தா வசூலித்து, ஒருவரைக் காவலராக வைத்து, திருகுசாவியும் மாற்றுத் திருகும் யாரிடம் இருக்கின்றன என்று கணக்கெழுதி வைத்திருக்கும் ஊரில் மறுநாளே தண்ணீர் வரும். எல்லாவற்றையும் தொண்டரே செய்த ஊரில் பெண்கள் மறுபடியும் பழைய ஊற்றுக்கு நடப்பார்கள்.

நேபாளத்தில் நிலைத்து நிற்கும் காரியங்களைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். 1957-ஆம் வருஷத்தில் அத்தேசத்துக் காடுகள் ஸர்க்காருடைமையாக்கப்பட்டன. காட்டைக் காக்கும் பொறுப்பு கிராமத்தார் கையிலிருந்து விலகிற்று. ஸர்க்கார் சேவகர் எல்லா மலைக்கும் போதவில்லை. பல இடங்களில் காடு அழிந்தது. பின்னர் 1993-ஆம் வருஷத்துக் காட்டுச் சட்டம், காட்டை உபயோகிக்கும் குடிகளே சங்கமாகக் கூடி அதைக் காத்துப் பயன்பெற வழிவகுத்தது. இப்பொழுது அத்தகைய சங்கங்கள் 22,000-க்கு மேல் இருக்கின்றன. மொட்டையாயிருந்த பல சரிவுகள் மறுபடியும் பசுமை அடைந்திருக்கின்றன. அவ்வாறே 1988-ஆம் வருஷத்தில் தொடங்கிய பெண் சுகாதாரத் தொண்டர் திட்டத்தில் ஏறக்குறைய 50,000 கிராமத்து ஸ்திரீகள் சேவை செய்கிறார்கள். குழந்தைகளுக்கு ஏ வைட்டமின் மருந்து கொடுப்பதும், பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் பணி. இரண்டு வருஷத்தில் கப்பலேறிப் போகாத தொண்டர்கள் இவர்களே. தங்கள் ஊரிலேயே பிறந்தோ, வாழ்க்கைப்பட்டோ இருப்பவர்கள்.

இப்படிச் சொல்வதால் அந்நியத் தொண்டரின் உழைப்பு வீண் என்று கொள்ளற்க. அவரிடம் படித்த பிள்ளைகள் உபாத்தியாயரானார்கள். 1950-களில் நூற்றுக்கு ஐவராயிருந்த எழுத்தறிந்தோர் 2021-ஆம் வருஷத்து ஜனக்கணிதப்படி நூற்றுக்கு எழுபத்தாறாக உயர்ந்ததில் பல்லாயிரம் உள்ளூர் ஆசிரியரோடு அவருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆனால் புதிய கஷ்டங்களும் தோன்றியிருக்கின்றன. வாலிபர் அரபு தேசங்களுக்கும் மலேயாவுக்கும் வேலை தேடிப் போகிறார்கள்; மலைக்கிராமங்களில் முதியவரும் பெண்களுமே மிகுந்திருக்கிறார்கள்; மேட்டுப்படிகள் தரிசாகின்றன; பல ஊற்றுகள் வற்றுகின்றன. குழி வெட்ட வீட்டுக்கொருவர் கிடைக்காத ஊரில் எந்தத் தொண்டர் வந்தும் என்ன செய்வார்?

சங்கத்தாருக்கு

ஆகையால் நம் அங்கத்தினர்கள், வெளியிலிருந்து உதவி வரும் காலத்தில், அது அந்நியராயினும் நம் தேசத்துப் பட்டணத்தாராயினும், பின்வருவனவற்றைக் கமிட்டியில் முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நலம். வருகிறவருக்கு வீட்டில் உள்ள உணவையே இட்டு, ஊரின் உண்மை நிலையை மறைக்காமல் காட்டவேண்டும். அவர் செய்யும் ஒவ்வொரு வேலையையும் பக்கத்தில் நின்று கற்கும்படி ஊரார் இருவரையாவது நியமிக்கவேண்டும். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாயிருப்பது உத்தமம். பயனில் யாருக்கு உரிமை என்பதை வேலைக்கு முன்னரே எழுதிக்கொள்ளவேண்டும். கணக்குப் புஸ்தகம் முதல் நாள் தொட்டே சங்கத்தின் காரியதரிசியிடம் இருக்கவேண்டும். பழுது பார்க்கும் நிதிக்கு, பழுது ஏற்படுமுன்னரே சந்தா சேர்க்கவேண்டும்.

இவ்வளவும் செய்துவைத்த ஊருக்கு வரும் தொண்டர், இரண்டு வருஷத்தில் தம் வேலையை முடித்துக்கொண்டு கவலையின்றி ஊர் திரும்பலாம். அன்று மாலை, குழாயடியில் தண்ணீர் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும்.